படத்தில் ஓடாத பாண்ட் காருக்கு 45 கோடி ஏன்?

கேள்வி இதுதான்: "ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் கார் 2019-ல் சுமார் 45 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஆனால் அந்தக் கார் படத்தில் வரவே இல்லை என்கிறார்கள். அப்படியானால் நிஜமான பாண்ட் கார் எது? புதுப்பித்த பழைய காருக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது?"

ஏலம் போன கார் படத்தில் ஓடவில்லை என்பது உண்மைதான். அதனால் அது போலி என்று ஆகிவிடாது. பாண்ட் படங்களுக்காக 1964, 65-ல் துப்பாக்கி, புகைத்திரை போன்ற வித்தைகளோடு தயாரானவை மொத்தம் நான்கு கார்கள். இரண்டு கேமரா முன்னால் ஓடின. இரண்டு விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போயின. நான்கும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஆனால் கைமாறிக் கைமாறி நான்குக்கும் நான்கு விதமான தலையெழுத்து. விலையின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கார் என்ன என்று பார்த்துவிடலாம். இது ஆஸ்டன் மார்ட்டின் டிபி5. 1963 முதல் 1965 வரை மட்டுமே தயாரானது, அதுவும் ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தாம். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷர் மாவட்டத்தின் நியூபோர்ட் பாக்னெல் என்கிற சிறிய ஊரில் கட்டினார்கள். இந்த வகைக் கார்களுக்கு கிராண்ட் டூரர் என்று பெயர். பந்தயக் கார் மாதிரி வேகம் இருக்கும், ஆனால் பந்தயத்துக்கானது அல்ல. பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து தெற்கு பிரான்ஸ் வரை முதுகு வலிக்காமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிற பணக்காரருக்கான வண்டி. தோல் இருக்கைகள், கம்பளித் தரைவிரிப்பு, மின்சாரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடி எல்லாம் காரோடேயே வந்தன. தீயணைப்பான் ஒன்றும் உண்டு. விலை 4,000 பவுண்டுக்கு மேல். அதே காலத்தில் ஜாகுவார் இ-டைப்பை அதில் பாதி விலைக்கு வாங்கலாம்.

பெயரில் உள்ள 'டிபி' என்பது டேவிட் பிரவுன். ஹடர்ஸ்ஃபீல்டில் கியர் செய்யும் குடும்பத் தொழிற்சாலையின் முதலாளி, டிராக்டர் தயாரித்தவர். 1947-ல் வெறும் 20,500 பவுண்டு கொடுத்து ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தை வாங்கினார். டிராக்டர்காரர் ஒருவரின் பெயரெழுத்துதான் உலகத்தின் மிக நேர்த்தியான காரில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். இந்தக் கதையில் இன்னொரு மண்வேலைக்காரரும் வருவார், கொஞ்சம் பொறுங்கள்.

என்ஜினை வடிவமைத்தவர் போலந்தில் பிறந்த டாடெக் மாரெக். அலுமினியத்தில் வார்த்த ஆறு சிலிண்டர், 3,995 சிசி, மூன்று எஸ்யு கார்புரேட்டர், 282 குதிரைத் திறன். மணிக்கு 230 கிலோமீட்டர் வரை போகும். அறுபது வருடத்துக்கு முன்னால் இந்த வேகத்தை நினைத்துப் பாருங்கள்.

புதுப்பித்தல் பற்றிக் கேட்டதால், பாடியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அந்த முறை இத்தாலியின் மிலான் நகரத்து கரோஸெரியா டூரிங் நிறுவனத்தினுடையது. பெயர் 'சூப்பர்லெஜ்ஜரா', அதாவது மிக லேசானது. மெல்லிய இரும்புக் குழாய்களை வளைத்து, காரின் உருவத்தில் ஒரு கூடு கட்டுவார்கள். அதன்மேல் கையால் தட்டி வளைத்த அலுமினியக் கலவைத் தகடுகளைப் போர்த்துவார்கள். கூடை முடைந்து அதற்குத் துணி சுற்றுவது போல. லேசாகவும் இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். இங்கிலாந்து மழை ஊர். முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும், தகட்டைக் கழற்றினால் உள்ளே குழாய் உளுத்துப்போயிருக்கும். ஆகவே இந்தக் காரை 'டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடித்தோம்' என்பது புதுப்பித்தலே ஆகாது. தகடு முழுவதையும் எடுத்து, கூட்டைச் சரிசெய்து, மறுபடி போர்த்த வேண்டும். ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆகும் வேலை.

அப்படி எல்லாவற்றையும் கழற்றி மாற்றினால் அது அதே கார்தானா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் எண்கள் வருகின்றன. நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் பார்ப்பது போலத்தான். ஏலத்துக்கு வந்த காரின் சேசிஸ் நம்பர் டிபி5/2008/ஆர். கடைசியில் உள்ள 'ஆர்' வலதுபக்க ஸ்டியரிங் என்பதைக் குறிக்கும். தொழிற்சாலையின் பழைய பதிவேட்டில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. எந்த நிறம், எந்த என்ஜின், முதலில் யாருக்குப் போனது என்று அதில் எழுதியிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு விற்பனை ரசீதும், பழைய புகைப்படமும், பட்டறைப் பில்லும் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் விலை இறங்கிவிடும். நம்பர் பிளேட்டை வைத்து இந்தக் கார்களை அடையாளம் சொல்ல முடியாது. படத்தில் பார்க்கும் பிஎம்டி 216ஏ என்கிற பிளேட்டை இரண்டு கார்களும் மாட்டிக்கொண்டன. போதாததற்கு அது சுழலும் பிளேட். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து பிளேட்டுகளும் அதிலேயே உண்டு.

சரி, இனி நான்கு கார்களின் கதை.

முதல் காரின் எண் டிபி/216/1. இதில் 'டிபி' டேவிட் பிரவுன் அல்ல, ஆங்கிலத்தில் வளர்ச்சித் திட்டம் என்பதன் முதலெழுத்துகள். அதாவது டிபி5 என்று ஒரு மாடல் வருவதற்கே வழிகாட்டிய மாதிரிக் கார் இது. கடைசி வரிசை டிபி4 ஆகப் பிறந்து, டிபி5 ஆக மாற்றப்பட்டது. முதலில் இதன் நிறம் அடர்சிவப்பு. 'கோல்ட்ஃபிங்கர்' படத்துக்குக் கார் தேடி அரங்க வடிவமைப்பாளர் கென் ஆடமும், சிறப்பு விளைவுகளைச் செய்யும் ஜான் ஸ்டியர்ஸும் நியூபோர்ட் பாக்னெல் போனார்கள். கையில் கிடைத்த இந்த மாதிரிக் காரை இரவல் வாங்கி வந்து வெள்ளி நிறம் அடித்து, வித்தைகளையெல்லாம் இதில்தான் பொருத்தினார்கள். நாம் திரையில் பார்த்த துப்பாக்கியும், கூரையைத் திறந்து ஆளை வெளியே வீசும் இருக்கையும் இந்தக் காரினுடையவை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான்கில் மிக முக்கியமான கார் இதுதான்.

இதற்கு நேர்ந்தது என்ன தெரியுமா? படவேலை முடிந்ததும் கார் நிறுவனத்துக்கே திரும்பி வந்தது. அவர்கள் வித்தைகளை முழுக்கக் கழற்றிவிட்டு, வேறு பதிவெண் போட்டு, 1968-ல் சாதாரணப் பழைய கார் போல விற்றுவிட்டார்கள். அன்றைக்கு அது அவர்களுக்குப் படத்தில் உழைத்துத் தேய்ந்த ஒரு பழைய மாதிரிக் கார், அவ்வளவுதான். யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் படிக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. வாங்கியவர் அதன் அருமை தெரிந்து, வித்தைகளைப் போலச் செய்து மறுபடி பொருத்தினார். 1971-ல் கார் அமெரிக்கா போனது. 1986-ல் நியூயார்க்கில் சோதபீஸ் ஏலத்தில் ஃபுளோரிடாக்காரர் ஒருவர் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தார். 1997 ஜூன் மாதம், போகா ராட்டன் விமான நிலையத்தில் விமானம் நிறுத்தும் கொட்டகையிலிருந்து கார் திருடு போனது. பூட்டை உடைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. மத்திய கிழக்கில் ஒருவரிடம் இருக்கிறது என்று சில வருடங்களாகச் செய்தி வருகிறது. கார் இன்னும் பொதுவெளிக்கு வரவில்லை.

இரண்டாவது கார் டிபி5/1486/ஆர். இதன் சொந்தப் பதிவெண் எஃப்எம்பி 7பி. படத்தில் வேகமாக ஓட்டும் காட்சிகளுக்கென்று வந்த கார் இது. வித்தைகள் பிறகுதான் பொருத்தப்பட்டன. இதன் கதை எல்லாவற்றையும் விட எளிமையானது, அதனாலேயே அழகானது. 1969-ல் பிலடெல்பியாவில் வானொலி நிலையம் நடத்திய ஜெர்ரி லீ என்பவர் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்திடமிருந்தே 12,000 டாலருக்கு வாங்கினார். நாற்பது வருடம் வைத்திருந்தார். வீட்டிலேயே அதற்கென்று ஓர் அறை. தொழிற்சாலை, ஒரே உரிமையாளர், அவ்வளவுதான் அதன் வரலாறு. 2010 அக்டோபரில் லண்டனில் ஏலம் விட்டபோது ஏலக் கட்டணமெல்லாம் சேர்த்து சுமார் 46 லட்சம் டாலருக்குப் போனது. வந்த பணத்தைத் தன்னுடைய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். எடுத்தவர் ஓஹியோவைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளர். கேமரா முன்னால் ஓடியதில், இன்று இருக்கும் இடம் தெரிந்த கார் இது ஒன்றுதான்.

மூன்றாவதும் நான்காவதும் இரட்டைப் பிள்ளைகள்: 2008-ம் 2017-ம். இவை வருடங்கள் அல்ல, சேசிஸ் நம்பர்கள். 'தண்டர்பால்' படம் 1965-ல் வந்தபோது அமெரிக்கா முழுக்கக் காட்டுவதற்காகப் பட நிறுவனமான இயான் புரொடக்‌ஷன்ஸ் இவற்றைக் கேட்டு வாங்கியது. அந்த வருடம் பாண்ட் காரின் மேல் சனங்களுக்கு இருந்த ஆசையை இன்று விளக்குவது கஷ்டம். கார்கி நிறுவனம் அதே 1965-ல் விட்ட பொம்மைக் கார் லட்சக்கணக்கில் விற்றது. நான் சின்ன வயதில் பார்த்த முதல் ஆஸ்டன் மார்ட்டின் அந்தப் பொம்மைதான். பெரியப்பா யாரிடமோ வாங்கி வந்திருந்தார். கூரையிலிருந்து குட்டி ஆள் தெறித்து விழுவான். அது தங்க நிறத்தில் இருக்கும். நிஜக் கார் வெள்ளி நிறம் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது.

விளம்பரம் ஓய்ந்ததும் இரண்டு கார்களும் கிடங்கில் கிடந்தன. 1969-ல் ஒருவர் வந்து ஜோடியாக இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார். பெயர் ஆந்தனி பாம்ஃபோர்ட், அப்போது அவருக்கு வயது 23. இந்தக் குடும்பப் பெயர் பழக்கமில்லாவிட்டாலும் அவர்கள் வண்டியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் கிணறு தோண்டவும் குளம் தூர்வாரவும் வருகிற மஞ்சள் நிற ஜேசிபி அவருடைய குடும்பத்தினுடையதுதான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற அவருடைய அப்பாவின் முதலெழுத்துகள் அவை. முன்னே நான் சொன்ன மண்வேலைக்காரர் இவர்தான்.

பாம்ஃபோர்ட் இரண்டையும் வெகுநாள் வைத்துக்கொள்ளவில்லை. 2017 எண் கார் கனடாவுக்குப் போய், மேற்கு வான்கூவரில் ஓர் உணவகத்தில் காட்சிக்கு நின்றது. 2008 எண் கார் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்குப் போனது. பீஜன் ஃபோர்ஜ் என்ற மலையடிவாரச் சுற்றுலா ஊரில் ஸ்மோக்கி மவுன்டன் கார் மியூசியம் என்று ஒன்று. அதன் உரிமையாளர் பி.எச். அட்ச்லி வாங்கினார். அங்கே முப்பத்தைந்து வருடம் நின்றது அந்தக் கார்.

என்னைக் கேட்டால், 45 கோடி ரூபாயில் பெரும்பங்கு அந்த முப்பத்தைந்து வருடங்களுக்குக் கொடுத்த விலை. காரணம் சொல்கிறேன். எழுபதுகளில் டிபி5 வெறும் பழைய கார். அந்த வயதில் சாலையில் ஓடிய கார்களுக்கு என்னென்ன நடக்கும்? மோதும், நசுங்கும், துருப்பிடிக்கும். உதிரிபாகம் கிடைக்காமல் கிடைத்ததை மாட்டுவார்கள். நிறம் மாற்றுவார்கள். விநோதமான இயந்திரங்கள் உள்ளே இருந்தால் எடை என்று கழற்றி எறிவார்கள். முதல் காருக்கு அதுதான் நடந்தது. அட்ச்லியின் கார் இதிலெல்லாம் மாட்டவில்லை. 1965-ல் பொருத்திய பதின்மூன்று வித்தைகளும் அதனோடேயே இருந்தன. முன்னும் பின்னும் நீளும் இடிதடிகள், விளக்குக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கி, சக்கர அச்சிலிருந்து நீண்டு டயரைக் கிழிக்கும் கத்தி, பின்னால் எழும் குண்டு துளைக்காத தகடு, ரேடார் திரை, எண்ணெயும் ஆணியும் புகையும் கக்கும் பெட்டிகள், சுழலும் நம்பர் பிளேட், எகிறும் இருக்கை, கதவுக்குள் தொலைபேசி, இருக்கைக்கு அடியில் ஆயுதத் தட்டு. வேலை செய்ததா செய்யவில்லையா என்பது வேறு. உலோகம் அதே உலோகம். பழசை நேசிக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

2006 ஜனவரியில் அரிசோனாவில் ஏலத்துக்கு வந்தபோது 20.9 லட்சம் டாலருக்குப் போனது. புதிய உரிமையாளர் அதை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக்கு அருகில் உள்ள ரூஸ் என்ஜினியரிங் பட்டறைக்கு அனுப்பினார். ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனமே அங்கீகரித்திருக்கும் பழைய கார் நிபுணர்கள் அவர்கள். வேலை முடிய 2012 ஆனது. சேசிஸ், பாடி, என்ஜின் என்று அனைத்தையும் பிரித்துக் கட்டினார்கள். அதைவிடக் கடினமான வேலை அந்தப் பதின்மூன்று வித்தைகள். ஒரு டிபி5 என்ஜினுக்குப் பாகம் வேண்டுமென்றால் இன்றைக்கும் செய்து தர ஆள் உண்டு. 1965-ல் ஒரு விளம்பரக் காருக்காகப் பொருத்திய புகைப்பெட்டிக்கு எந்தக் கையேட்டில் வரைபடம் இருக்கும்? இருக்கிற பாகத்தைப் பார்த்துத்தான் அது எப்படி ஓடியிருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பாகமே இல்லாமல் போயிருந்தால் ஊகித்துப் புதிதாகச் செய்திருப்பார்கள், அப்போது அது வெறும் நகல். டென்னசியில் யாரும் கழற்றி எறியாததால்தான் சுவிட்சர்லாந்தில் பழையபடி ஓடவைக்க முடிந்தது. பதின்மூன்றும் இப்போது வேலை செய்கின்றன.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் புதிதாக்கியதில் அந்தக் காரின் வயது போய்விட்டது. 1965-ல் அடித்த பெயின்டும், எத்தனையோ பேர் உட்கார்ந்து பார்த்துச் சுருங்கிய தோலும் திரும்ப வராது. அரிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சூப்பர்லெஜ்ஜரா பாடியை அப்படியே விட முடியாது என்பது எனக்குத் தெரியும். விட்டால் இன்னும் முப்பது வருடத்தில் கூடு கொட்டிவிடும். ஆனாலும் உடல்நிலை இடம் கொடுக்கிற பழைய கார் என்றால் தொடாமல் காப்பாற்றுவதே மேல் என்று நினைக்கிறவன் நான். பெரிய கார்க் கண்காட்சிகளில் இன்று தொடாத கார்களுக்கென்று தனிப்பிரிவே வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள்.

2019 ஆகஸ்டு 15 அன்று கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆர்எம் சோதபீஸ் அதை ஏலம் விட்டது. 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 63,85,000 டாலருக்கு முடிந்தது. நீங்கள் சொன்ன 45 கோடி அதுதான்.

படத்தில் ஓடிய ஜெர்ரி லீயின் காரை விட ஓடாத இது அதிகத் தொகைக்குப் போனதே என்று ஆச்சரியப்படலாம். இரண்டு ஏலத்துக்கும் நடுவில் ஒன்பது வருடம் இருக்கிறது, அந்தக் காலத்தில் பழைய கார்களின் விலை மொத்தமாகவே ஏறியது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேடையில் வைத்திருந்தால் லீயின் கார்தான் முந்தியிருக்கும் என்பது என் கணிப்பு. திருடு போன முதல் கார் என்றைக்காவது சட்டப்படி விற்பனைக்கு வந்தால் என்ன ஆகும் என்பது சிக்கலான விஷயம். அது மற்ற மூன்றையும் தாண்டிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அதன் வித்தைகள் 1968-ல் கழற்றப்பட்டவை. இப்போது இருப்பவை பின்னால் செய்தவை. கார் அசல், வித்தைகள் நகல். 2008 எண் கார் படத்தில் ஓடிய கார் அல்ல, ஆனால் அதன் வித்தைகள் அந்தக் காலத்தவை. எதை நிஜம் என்பீர்கள்? நான் முதல் காரைத்தான் நிஜமான பாண்ட் கார் என்பேன். ஆனால் பணம் போடுவதாக இருந்தால் ரசீதும் பாகமும் குறையில்லாமல் சேர்ந்து வரும் காரில்தான் போடுவேன்.

அந்தப் படங்களில் பாண்டாக நடித்த ஷான் கானரி சொந்தமாக வைத்திருந்த டிபி5-ம் இதுவும் ஒன்றா என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத 1964-ம் வருடக் கார். 2018-ல்தான் அவர் வாங்கினார். அவர் இறந்த பிறகு 2022-ல் சுமார் 24 லட்சம் டாலருக்குப் போனது. அதேபோல ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனமே 2020 முதல் நியூபோர்ட் பாக்னெலில் வித்தைகளோடு 25 புதிய டிபி5-களைக் கட்டி, ஒவ்வொன்றையும் வரி நீங்கலாக 27.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அவற்றைச் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. அருமையாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் அவற்றின் வரலாறு இப்போதுதான் தொடங்குகிறது.

கடைசியாக ஒரு தகவல். நான்கில் ஒன்று சேகரிப்பாளரின் கொட்டகையில், ஒன்று ஏலத்தில் எடுத்தவரிடம், ஒன்று காணாமல். நம்மைப் போன்றவர்கள் டிக்கெட் வாங்கி நேரில் பார்க்கக் கூடியது 2008-ன் இரட்டையான 2017 எண் கார். கனடாவிலிருந்து கைமாறி இப்போது நெதர்லாந்தில் ஹேக் நகரத்தின் லவ்மன் மியூசியத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் தவறவிடாதீர்கள். முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல் பின்னால் சுற்றிப் போய், டிக்கிக்கு மேல் அந்தத் தகடு எழும்பும் இடத்தையும் பாருங்கள்.